நூல்களில் எடுத்துக்காட்டு நிரல்களின் மொழி

கணினியியல் நூலில் கருத்தை விளக்க அச்சிடப்படும் நிரல்களுக்கு எந்த நிரல்மொழியைக் கொள்வது என்பது, அந்த நூல் எதைக் கற்பிக்கும் என்பதையே பாதியளவு தீர்மானித்துவிடுகிறது. வாசகர்களில் பெரும்பாலோர் அறிந்த மொழியே போதும் என்பது எளிதில் கிடைக்கும் விடை. ஆனால் ஒவ்வொரு மொழியும் சில வேலைகளைத் தானே முடித்துக் கண்ணில் படாமல் வைக்கிறது. மற்றவற்றை எழுதுபவர் மேல் சுமத்துகிறது. நூல் கற்பிக்க வந்த பொருள் மறைவுப் பக்கத்தில் விழுந்துவிட்டால், மொழி எவ்வளவு பழகியதாக இருந்தும் பயனில்லை. நீளும் அணி எவ்வாறு இடம் பெருக்கிக்கொள்கிறது என்று விளக்கும் பாடத்தில் பைத்தானின் பட்டியலை அப்படியே பயன்படுத்தினால், அந்த வேலை முழுவதும் ஒரு வரிக்குள் நடந்து முடிந்துவிடும். மாணவர் எதையும் பார்த்திருக்க மாட்டார்.

இதற்கு வலுவான சான்று, ஒரே நூல் இரண்டு மொழிகளில் எழுதப்பட்ட நிகழ்வு. பிரையன் கெர்னிகனும் பி. ஜே. பிளாகரும் 1976இல் வெளியிட்ட 'சாஃப்ட்வேர் டூல்ஸ்' நூலின் நிரல்கள், ஃபோர்ட்ரானைச் செப்பனிட்டு உருவான ராட்ஃபார் மொழியில் அமைந்தவை. 1981இல் அவர்களே அந்நூலைப் பாஸ்கலில் திரும்ப எழுதினார்கள். அன்றைய பாஸ்கலில் அணியின் நீளம் அதன் வகையோடு பிணைந்தது. பத்து எழுத்துச் சரத்துக்கென எழுதிய செயல்முறை இருபது எழுத்துச் சரத்தை ஏற்காது. எல்லாச் சரங்களையும் ஒரே நீளத்தில் அறிவித்துத்தான் அவர்கள் இதைக் கடந்தார்கள். எங்கும் பொருந்தும் சிறு கருவிகளை ஆக்குவதே உயிர்நாடியான ஒரு நூலுக்கு இது சிறு தடையல்ல. அதே ஆண்டில் கெர்னிகன் பாஸ்கலின் குறைகளைத் தொகுத்துத் தனிக் கட்டுரை எழுதினார்; அதன் கூர்மைக்கு இந்த மறு ஆக்கத்தின் அனுபவமே காரணம்.

மொழி தடுப்பதைப் போலவே, இல்லாத தேவையையும் உண்டாக்கும். நால்வர் சேர்ந்து 1994இல் எழுதிய 'டிசைன் பேட்டர்ன்ஸ்' சி++, ஸ்மால்டாக் மொழிகளைக் கொண்டு 23 வடிவமைப்பு முறைகளை விளக்கியது. அவற்றில் 16 முறைகள் லிஸ்ப், டிலன் போன்ற மொழிகளில் கண்ணுக்கே தெரியாமல் போகின்றன அல்லது மிக எளிதாகின்றன என்று 1996இல் பீட்டர் நார்விக் காட்டினார். மொழி மாறினால் பட்டியலும் மாறும் என்று நூலாசிரியர்களே தொடக்க அத்தியாயத்தில் நேர்மையாகச் சொல்லியிருந்தார்கள். பின்வந்த வாசகர்கள் பலர் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு, பட்டியலை மட்டும் பொதுவிதியாக எடுத்துக்கொண்டார்கள்.

அறியாத மொழியில் எழுதினால் வாசகர் நூலைத் திறக்கவே மாட்டார் என்ற மறுப்பு நியாயமானது. ஏபல்சன், சஸ்மன் இருவரின் 1985ஆம் ஆண்டுப் பாடநூலுக்கு 2022இல் ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பு வந்ததும், மார்ட்டின் ஃபவுலர் 'ரீஃபாக்டரிங்' நூலின் ஜாவா எடுத்துக்காட்டுகளை 2018இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றியதும் வாசகரை எண்ணியே. நிரலை ஒழுங்குபடுத்தும் ஃபவுலரின் முறைகளுக்கு இம்மாற்றம் பெரிய சேதம் செய்யவில்லை. ஏபல்சன், சஸ்மன் நூலின் நிலை வேறு. அது முதலில் கையாண்ட ஸ்கீம் மொழியில் நிரலே ஒரு பட்டியல். ஆகவே ஒரு மொழிக்கான இயக்கியை அதே மொழியில் எழுதும் அத்தியாயம் அங்கே தானாக விரிகிறது. ஜாவாஸ்கிரிப்டில் நிரலின் எழுத்துவடிவை முதலில் பிரித்துத் தர ஒரு தனிச் செயற்கூற்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று. வாசகரின் வசதிக்கு இடம் உண்டு. அது பொருளின் தேவைக்கு அடுத்த இடம் என்பதே என் துணிபு.

எந்த மொழியும் வேண்டாம், போலி நிரலே நடுநிலையானது என்பார் உண்டு. 1990இல் வந்த கார்மென், லைசர்சன், ரிவெஸ்ட் ஆகியோரின் பாடநூல் அந்த வழியில் பெரும் வெற்றி கண்டது. ஆனால் போலி நிரலும் சிலவற்றை மறைக்கிறது. அதன் எண்களுக்கு எல்லை கிடையாது. இருகூறாக்கித் தேடும் முறையில் இரண்டு எல்லைகளையும் கூட்டிப் பாதியாக்கும் வரி, பெரிய அணிகளில் முழு எண்ணின் வரம்பை மீறித் தவறும். ஜான் பென்ட்லி தம் நூலில் சரியென நிறுவிக் காட்டிய அந்த வரி ஜாவாவின் நூலகத்திலும் இருந்ததை 2006இல் ஜோஷுவா பிளாக் எடுத்துக்காட்டினார். காகிதத்தில் நிறுவல் சரிதான். எந்திரத்தின் எண் அங்கே இடம்பெறவில்லை.

டொனால்ட் கனூத் தேர்ந்த வழி போலி நிரலுக்கு நேர் எதிர். 1968இல் தொடங்கிய தம் தொகுதிகளுக்காக அவர் மிக்ஸ் என்ற கற்பனைக் கணினியை வகுத்து, அதன் கீழ்நிலை மொழியில் நிரல்களை எழுதினார். ஒவ்வொரு கட்டளைக்கும் ஆகும் நேரத்தை எண்ணிக் காட்டுவது அவர் நோக்கம். உயர்நிலை மொழிகளின் மோகம் சில ஆண்டுகளில் மாறிவிடும் என்பதும் அவர் கணிப்பு. மிக்ஸ் பழையதாகிவிட்டதே என்று கேட்கலாம். ஆம், துணைநிரலிலிருந்து திரும்ப நிரலே தன்னைத் திருத்திக்கொள்ளும் அதன் முறை இன்று வழக்கிலில்லை. கணினிகளின் அமைப்பு மாறியதால் அது பழையதாயிற்று. 1999இல் கனூத் 64 பிட் அமைப்புடைய எம்மிக்ஸை வெளியிட்டார். முதல் மூன்று தொகுதிகளின் மிக்ஸ் நிரல்களை மார்ட்டின் ருக்கெர்ட் அதற்கேற்ப மாற்றி 2015இல் தனி நூலாகத் தந்தார்.