கிங் காங் குடியேறிய கடற்கரை

1967 அக்டோபரில் சிட்ஜஸில் கூடியவர்கள் பேயைப் பற்றியோ பூதத்தைப் பற்றியோ பேச வந்தவர்கள் அல்ல. திரைப்படக் கல்லூரி மாணவர்கள், இளம் இயக்குநர்கள், விமர்சகர்கள். பார்சிலோனாவிலிருந்து ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் சிறு கடற்கரை ஊர் அது. ஸ்பெயினை ஜெனரல் ஃபிராங்கோ ஏறக்குறைய முப்பது ஆண்டாகத் தன் கைப்பிடியில் வைத்திருந்தார். அழைப்பிதழில் இருந்தது திரைப்படப் பள்ளிகளின் சர்வதேசச் சந்திப்பு, நடந்ததோ வேறு. தணிக்கை ஒழிய வேண்டும், அரசின் மானியமும் வேண்டாம், அரசு நடத்தும் ஒற்றைத் தொழிற்சங்கத்தின் பிடியிலிருந்து சினிமா வெளியே வர வேண்டும் என்று அந்த இளைஞர்கள் அறிக்கை எழுதினார்கள். போலீஸ் உள்ளே வந்த பிறகுதான் கூட்டம் முடிந்தது.

மறு ஆண்டு, 1968இல், அதே ஊரில் இன்னொரு திரைப்பட நிகழ்ச்சி தொடங்கியது. 'அதீதக் கற்பனை மற்றும் திகில் படங்களின் முதல் சர்வதேச வாரம்' என்று பெயர். ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், வேற்றுக்கிரகவாசி. மாணவர் அறிக்கை கிடையாது, கோஷம் கிடையாது. போன ஆண்டு சினிமா என்று சொல்லிக் கலகம் நடந்த ஊரில் இந்த ஆண்டு டிராகுலாவுக்கு அனுமதி. இந்த வரிசையை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. யாருக்கும் தொல்லை தராத சினிமா ஒன்றைத் தேடியவர்கள் கையில் பேய்ப்படம் கிடைத்தது. உலகத்தின் மிக மூத்த, மிகப் பெரிய திகில் பட விழாக்களில் முதல் இடத்தில் வைக்கப்படும் சிட்ஜஸ் விழா இப்படித்தான் பிறந்தது.

அதற்கு முன்னாலும் ஒரு முயற்சி இருந்தது. இத்தாலியின் டிரியெஸ்தே நகரத்தில் 1963இலேயே அறிவியல் புனைகதைப் படங்களுக்கென்று ஒரு விழா தொடங்கிவிட்டது. மலைக்கோட்டையின் திறந்த முற்றத்தில் கோடை இரவுகளில் படம் காட்டினார்கள். முதல் ஆண்டே கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெட்டே'யை அடையாளம் கண்டு பரிசு கொடுத்த விழா அது. ஆனால் 1982இல் நின்றுபோனது. மீண்டும் உயிர்பெறப் பல ஆண்டுகள் ஆயின. சிட்ஜஸ் நிற்கவில்லை.

ஏன் இந்த ஊர் என்ற கேள்விக்குச் சுற்றுலா என்பது எளிய பதில். ஸ்பெயினில் திரைப்பட விழாக்களுக்கும் கடற்கரைக்கும் பழைய உறவு உண்டு. 1953இல் சான் செபாஸ்டியன் விழாவைத் தொடங்கியதே உள்ளூர் வணிகர்கள்தான். கோடை முடிந்து கூட்டம் கலையும் செப்டம்பரில் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டல் அறைகள் நிரம்ப வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஃபிராங்கோவின் அரசில் தகவலுக்கும் சுற்றுலாவுக்கும் சேர்த்து ஒரே அமைச்சகம் இருந்தது. அறுபதுகளில் மானுவேல் ஃபிராகா அதன் அமைச்சர். எந்தப் படத்தை வெட்டுவது என்று முடிவு செய்த அதே அமைச்சகம்தான் வெளிநாட்டவரைக் கடற்கரைக்கு வரச் சொல்லி விளம்பரமும் செய்தது. 1967இல் வெளிநாட்டுப் படங்களை ஸ்பானிய டப்பிங் இல்லாமல், அசல் மொழியில் சப்டைட்டிலோடு காட்டும் தனி அரங்குகளுக்கு அரசு அனுமதி கொடுத்தது. அந்த அனுமதியும் 50,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கும் சுற்றுலாத் தலங்களுக்கும் மட்டுமே. வெள்ளைக்காரர்கள் வெயில் காயும் இடத்தில் கொஞ்சம் சுதந்திரம் இருப்பது போலத் தெரிந்தால் நல்லது என்று அரசு எண்ணியது. சிட்ஜஸ் அந்தக் கொஞ்சத்தைப் பற்றிக்கொண்டது.

ஆனால் சுற்றுலா மட்டும் முழுப் பதில் ஆகாது. இந்த ஊருக்கு ஆவிகளோடு பழக்கம் இருந்தது. 1890களில் ஓவியரும் எழுத்தாளருமான சாந்தியாகோ ருசின்யோல் இங்கே கடலோரமாக வீடு வாங்கி, அதைப் பழைய இரும்பு வேலைப்பாடுகளாலும் ஓவியங்களாலும் நிரப்பினார். நண்பர்களைக் கூட்டி நவீனக் கலை விழாக்கள் நடத்தினார். 1893இல் அப்படி ஒரு விழாவில் பெல்ஜிய நாடகாசிரியர் மெட்டர்லிங்கின் 'அழையா விருந்தாளி' கட்டலான் மொழியில் மேடையேறியது. மொழிபெயர்த்தவர் பொம்பேயு ஃபாப்ரா. பின்னாளில் கட்டலான் மொழிக்கு இலக்கண ஒழுங்கு அமைத்துக் கொடுத்தவர். நாடகத்தில் பெரிய நிகழ்ச்சி ஏதும் இல்லை. ஒரு குடும்பம் விளக்கடியில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து அறையில் பிள்ளை பெற்ற தாய் நோயில் கிடக்கிறாள். யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதாகக் கண் தெரியாத தாத்தாவுக்கு மட்டும் படுகிறது. மற்றவர்கள் இல்லை என்கிறார்கள். வந்தது மரணம். கடைசி வரை அது கண்ணில் படுவதில்லை.

திகில் படம் எடுக்கக் கற்றுக்கொள்ளும் எவருக்கும் முதல் பாடமாக வைக்கத் தக்க நாடகம் அது. காட்டாமல் பயமுறுத்துவது எப்படி என்பது முழுக்க அதில் இருக்கிறது. அது மேடையேறியது பிராடோ என்ற உள்ளூர்ச் சங்கத்தின் அரங்கில். மாலையில் சீட்டாடவும் நடனமாடவும் நாடகம் பார்க்கவும் ஊரார் அமைத்துக்கொண்ட சங்கங்கள் இரண்டில் பிராடோ ஒன்று, இன்னொன்று ரெத்திரோ. இன்றும் சிட்ஜஸ் விழாவின் படங்கள் இந்த இரண்டு சங்கங்களின் அரங்குகளிலும் ஓடுகின்றன.

இனி ஃபிராங்கோ காலத் தணிக்கையின் கதை. 1968இலேயே ஸ்பெயினில் ஓர் ஓநாய் மனிதன் படம் வெளிவந்தது. எழுதியவர் ஹாசிந்தோ மொலினா. பளுதூக்குதலில் ஸ்பெயின் சாம்பியன். அமெரிக்க நடிகர் லான் சேனி ஜூனியரை நாயகனாக்கப் பார்த்தார்கள். அவருக்கு உடல்நலம் இடம் தரவில்லை. மொலினாவே வேஷம் கட்டினார். கதையில் அவர் முதலில் ஓநாயாக்கியது ஒரு ஸ்பானியனைத்தான். தணிக்கைக்காரர்கள் ஒப்பவில்லை. ஸ்பானியன் எப்படி ஓநாயாவான்? நாயகனைப் போலந்து நாட்டுப் பிரபு ஆக்கினார்கள். வால்டமார் டானின்ஸ்கி பிறந்தான். நடிகருக்கும் ஸ்பானியப் பெயர் கூடாது என்று ஜெர்மன் விநியோகஸ்தர்கள் கேட்டார்கள். போப் ஆறாம் பாலிடமிருந்து முதல் பாதியையும், இம்ரே நாஜி என்ற ஹங்கேரியப் பளுதூக்கும் வீரரிடமிருந்து மறு பாதியையும் எடுத்து 'பால் நாஷி' ஆனார். பின்னர் பல படங்களில் அதே ஓநாய் வேஷத்தில் நடித்து உலகம் முழுவதும் அறியப்பட்டார்.

அந்த ஒரு நிபந்தனையில் அன்றைய ஸ்பெயினே தெரிகிறது. கொடுமை நம் நாட்டில் நடக்காது. நடந்தால் போலந்திலோ ஜெர்மனியிலோ நடக்கும். சமூகப் படம் எடுத்தவருக்கு இந்த விதி கழுத்தில் கத்தி. திகில் படம் எடுத்தவருக்கு அதுவே திறந்த கதவு. ஊர் பெயரை மாற்று, ஆளின் பெயரை மாற்று, கொலையைக் கோட்டைக்குள் வை. மிச்சத்தை யாரும் கேட்கப் போவதில்லை. உடை உடுத்திய காட்சி உள்நாட்டுக்கு, அதே காட்சி உடையில்லாமல் ஏற்றுமதிக்கு என்று ஒரே நாளில் இரண்டு விதமாகப் படமெடுத்தார்கள். அதிகாரி ஒருவர் முழு ஊரையும் மிரட்டி வைத்திருப்பதை நேராகச் சொல்ல முடியாது. கோட்டைக்குள் இருக்கும் கிழட்டுப் பிரபு கிராமத்துப் பெண்களின் ரத்தத்தைக் குடிப்பதைத் தாராளமாகச் சொல்லலாம். பார்வையாளன் முட்டாள் அல்ல. எழுபதுகளின் ஸ்பானியத் திகில் படங்களில் பல மட்டமானவை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மட்டமான படங்களிலும், வேறெங்கும் சொல்ல முடியாத ஒரு மூச்சுத் திணறல் இருக்கிறது.

1968 என்ற ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மே மாதம் பாரிஸ் கலவரத்தில் கான் விழா பாதியில் நின்றது. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யும் 'ரோஸ்மேரிஸ் பேபி'யும் அந்த ஆண்டுப் படங்கள். அக்டோபர் 1 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜார்ஜ் ரோமெரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' முதல்முறையாகத் திரையேறியது. இன்றைய ஜாம்பிப் படங்கள் எல்லாம் அதன் வயிற்றில் பிறந்தவை. பயமுறுத்தும் சினிமா வயதுக்கு வந்த ஆண்டில் அதற்கென்று ஒரு விழாவும் கிடைத்தது. தொல்லை தராது என்று நம்பிக் கதவைத் திறந்தவர்கள் எதை உள்ளே விட்டோம் என்று அறிந்திருக்க மாட்டார்கள்.

ஃபிராங்கோ 1975இல் இறந்தார். 1977இல் தணிக்கை போனது. அதன் பிறகு விழாவின் பொறுப்பில், சிட்ஜஸ் அடங்கிய கட்டலோனியாவின் பிரதேச அரசும் சேர்ந்தது. திகிலை மட்டும் வைத்துக்கொண்டால் மரியாதை குறையும் என்ற எண்ணம் நடுவில் தலைதூக்கி, பொதுவான படங்களுக்கும் பிரிவு வைத்தார்கள். விழாவைத் தாங்கியது அந்தப் பிரிவு அல்ல. கிங் காங்கையே சின்னமாக வைத்துக்கொண்ட ஊர் அது. பரிசாகக் கொடுக்கும் சிலை ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' படத்து இயந்திரப் பெண் மரியா. தான் யார் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொண்ட விழாவுக்கு வேறு வேஷம் பொருந்தவில்லை.

1992இல் குவென்டின் டாரன்டினோ என்ற புதியவர் 'ரிசர்வாயர் டாக்ஸ்' படத்தோடு வந்தார். அதில் காதை அறுக்கும் காட்சி ஓடும்போது எழுந்து வெளியே போனவர்களில் வெஸ் கிரேவனும் ஒருவர். 'தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் தி லெஃப்ட்' என்ற கொடூரமான படத்தை எடுத்தவரே தாங்க முடியாமல் போனார் என்பதை டாரன்டினோ பிற்பாடு பெருமையோடு சொல்லிவந்தார். சிறந்த இயக்குநர் விருது அவருக்குத்தான். 1999இல் ஜப்பானின் 'ரிங்கு' முதல் பரிசை வாங்கியது. 2004இல் பார்க் சான்-வூக்கின் 'ஓல்ட்பாய்'. அதே படத்துக்கு அதே ஆண்டு கான் விழாவில் கிராண்ட் பிரீ கொடுத்த நடுவர் குழுவின் தலைவர் டாரன்டினோ.

இந்தப் படங்களை அந்த நாளில் வேறெங்கே பார்த்திருக்க முடியும்? ஒரு காலத்தில் ஸ்பெயினின் குடியிருப்புப் பகுதிகளில் சிறு தியேட்டர்கள் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் ஓட்டின. எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். படம் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். பேய்ப்படங்கள் அங்கேதான் வாழ்ந்தன. வீடியோ கேசட் வந்து அந்தத் தியேட்டர்களை மூடியது. மிஞ்சியது வெள்ளிக்கிழமைதோறும் வரும் புதுப்படப் பட்டியல். அதில் இடம் பிடிக்க நட்சத்திரம் வேண்டும், விளம்பரம் வேண்டும். திங்கட்கிழமைக்குள் வசூல் காட்டாவிட்டால் இடம் போய்விடும். பெயர் தெரியாத இயக்குநரின், பெயர் தெரியாத நாட்டின் திகில் படம் அந்தப் பட்டியலுக்குள் நுழைவதற்கு முன்னால் யாராவது ஒருவர் அதைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விழா அதைத்தான் செய்தது. வகைமை விழாவின் மதிப்பு விருதில் இல்லை என்பது என் எண்ணம். நள்ளிரவுக் காட்சிக்கு வரிசையில் நின்று, ரத்தம் தெறித்தால் கைதட்டி, விடிய விடிய மாரத்தான் காட்சியில் உட்கார்ந்திருந்து, காலையில் காபிக் கடையில் அதைப் பற்றியே பேசும் கூட்டத்தில் இருக்கிறது.

சிட்ஜஸுக்குப் பின் வந்தவை பல. பிரான்சில் அவோரியாஸ் 1973இல் தொடங்கியது. ஸ்பீல்பெர்க் என்ற இளைஞரின் 'டூயல்' படத்துக்கு முதல் பரிசு கொடுத்தது. பிறகு போர்த்துகலில் ஃபான்டாஸ்போர்ட்டோ, பிரஸ்ஸல்ஸ், மொன்ட்ரியலின் ஃபான்டாசியா, கொரியாவின் புச்சான். தமிழில் 'நான் ஈ' என்று நாம் பார்த்த ராஜமௌலியின் படம் 2013இல் டொரன்டோ ஆஃப்டர் டார்க் விழாவில் விருதுகளை அள்ளியதும் இந்த வம்சத்தில்தான்.

2017இல் சிட்ஜஸ் ஐம்பதாவது விழாவைக் கொண்டாடியபோது அரசியல் மறுபடி வாசலில் நின்றது. அக்டோபர் 1 அன்று கட்டலோனியாவின் தனிநாட்டு வாக்கெடுப்பு. வாக்குச்சாவடிகளில் போலீஸ் தடியடி. 3ஆம் தேதி பொது வேலைநிறுத்தம். 5ஆம் தேதி விழா தொடங்கியது. தொடக்கப் படம் கியேர்மோ டெல் டோரோவின் 'தி ஷேப் ஆஃப் வாட்டர்': அரசாங்க ஆய்வுக்கூடத்தில் சங்கிலியில் கட்டி வைத்த நீர்ப்பிறவியை வாய் பேசாத துப்புரவுப் பெண் ஒருத்தி காதலித்துக் காப்பாற்றும் கதை. அடுத்த மார்ச்சில் அது ஆஸ்கரின் சிறந்த படமானது.

டெல் டோரோவுக்கும் இந்த ஊருக்கும் இருக்கும் கணக்கு அதைவிடப் பழையது. 1993இல் தன் முதல் படம் 'குரோனோஸ்' உடன் அவர் சிட்ஜஸுக்கு வந்திருந்தார். பார்சிலோனாவைச் சேர்ந்த ஹுவான் அன்டோனியோ பயோனா என்ற பதினெட்டு வயதுப் பையன் அவரைத் தேடிப் பிடித்துப் பேசினான். தானும் படம் எடுக்க வேண்டும் என்றான். என்னால் முடிகிற நாள் வந்தால் உதவுகிறேன் என்றார் டெல் டோரோ. அவருக்கே அப்போது இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதுதான். விழாக்களில் இப்படிப்பட்ட வாக்குகள் தினமும் கொடுக்கப்படும், மறு ஆண்டுக்குள் மறக்கவும்படும். இவர் மறக்கவில்லை. பயோனா 'அனாதை இல்லம்' என்ற திரைக்கதையோடு வந்தபோது தயாரிப்பாளராகத் தன் பெயரைக் கொடுத்தார். அதனால் படத்தின் பட்ஜெட்டும் படப்பிடிப்பு நாட்களும் இரட்டித்தன.

தான் வளர்ந்த பழைய அனாதை இல்லத்துக்கே கணவனோடும் மகனோடும் திரும்பி வரும் ஒருத்தி; ஒரு நாள் மகன் காணாமல் போகிறான். அவ்வளவுதான் கதை. 2007 அக்டோபரில் சிட்ஜஸின் நாற்பதாவது விழாவைத் தொடங்கி வைத்தது அந்தப் படம். விழா நடந்துகொண்டிருக்கும்போதே, அக்டோபர் 11 அன்று, நாடு முழுவதும் அந்த வாரத்தின் புதுப்படமாகத் தியேட்டர்களுக்குப் போனது. 12ஆம் தேதி தேசிய விடுமுறை என்பதால் வழக்கமான வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள் முன்னதாகவே வெளியீடு. பேய்ப்படத்துக்கு வராத குடும்பங்கள் எல்லாம் வந்தன. ஸ்பெயினின் கோயா விருதுகளில் ஏழு அதற்குக் கிடைத்தன. அந்த ஆண்டு ஸ்பெயினில் அதிகம் வசூலித்த ஸ்பானியப் படமும் அதுதான்.