சாத்தான்: ஒரு பெயரின் வரலாறு

சாத்தான் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மனித உடம்பு, கொம்பு, வால், கையில் சூலம். இது பிற்கால ஓவியர்கள் தந்த உருவம். பைபிளில் அவனுக்கு இப்படி ஒரு வர்ணனை கிடையாது!

எபிரேய மொழியில் 'சாத்தான்' முதலில் ஒருவனுடைய பெயரே அல்ல. எதிராளி என்று பொருள்படும் சாதாரணச் சொல். 1 சாமுவேல் 29-ல் பெலிஸ்தத் தலைவர்கள், போரில் தாவீது தங்களுக்குச் 'சாத்தான்' ஆகிவிடுவானோ என்று பயப்படுகிறார்கள். எண்ணாகமம் 22-ல் பிலேயாமை வழிமறிக்கும் தேவதூதனுக்கே இந்தச் சொல்தான்!

யோபு புத்தகத்தில் இது ஒரு பதவி போல வருகிறது. கடவுளின் சபையில் நின்று மனிதன்மேல் குற்றம் சாட்டுபவன், ஏறக்குறைய அரசு வக்கீல். தாவீது மக்களைக் கணக்கெடுத்த கதையில் மாற்றம் இன்னும் தெளிவு. அவனைத் தூண்டியது கடவுளின் கோபம் என்கிறது 2 சாமுவேல் 24. பின்னால் எழுதப்பட்ட 1 நாளாகமம் 21, தூண்டியது சாத்தான் என்கிறது.

கி.மு. 3-ம் நூற்றாண்டில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் 'டியாபொலோஸ்' ஆனது. அவதூறு சொல்பவன் என்று அர்த்தம். ஆங்கில 'டெவில்' இதிலிருந்து வந்ததுதான். தமிழ் பைபிளில் இதுவே பிசாசு, கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் அலகை. புதிய ஏற்பாட்டில் பெயர்கள் பெருகுகின்றன: பெயல்செபூல், சோதனைக்காரன், கெர்ச்சிக்கிற சிங்கம். ஆதியாகமத்துப் பாம்பைச் சாத்தானோடு இணைப்பது கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தல்.

'லூசிஃபர்' கதை வேறு. ஏசாயா 14 பாபிலோன் ராஜாவைக் கேலியாக விடிவெள்ளி என்று அழைக்கிறது. ஜெரோம் லத்தீனில் போட்ட சொல் 'லூசிஃபர்'. அவர் காலத்தில் அது கெட்ட பெயரல்ல. 4-ம் நூற்றாண்டில் சார்தீனியா தீவில் லூசிஃபர் என்றே ஒரு பிஷப் இருந்தார்!

சரி, ஒரு பெயரில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. போராட்டம் மனிதர்களோடு அல்ல என்கிறது எபேசியர் 6. ஆனால் யோவான் 8-ல் ஒரு வாக்குவாதத்தில் வரும் 'பிசாசின் பிள்ளைகள்' என்ற பழியைப் பிற்கால ஐரோப்பா யூதர் அனைவர்மேலும் சுமத்தியது. 1692-ல் அமெரிக்காவின் சேலத்தில், பிசாசோடு ஒப்பந்தம் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். எல்லாம் அக்கம்பக்கத்தார் சொன்ன சாட்சி. 1697-ல் ஜூரிகள் சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். போன உயிர் வரவில்லை.

வெளிப்படுத்தல் 12 சாத்தானுக்குத் தரும் பட்டம், சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றம் சாட்டுபவன். யோவான் தன் முதல் நிருபத்தில் இயேசுவுக்குத் தரும் பட்டம் 'பராக்லேதோஸ்', பரிந்து பேசுபவர். ஒரே வழக்கில் இரண்டு தரப்பு. சேலத்தில் பிசாசைத் தேடியவர்கள் எந்தத் தரப்பில் நின்றார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.