வீடு போனபின் நின்ற மரங்கள்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரூடே ஓடும் ஏவன் ஆற்றை மாவோரி மக்கள் ஓட்டாக்காரோ என்பர். 1850இல் ஆங்கிலேயர் குடியேறிய பின்னர் அதன் கரைகளில் வில்லோ முதலிய அயல்நாட்டு மரங்கள் வேரூன்றின. நெப்போலியன் கல்லறையருகே ஒடித்த கிளையின் வழித்தோன்றல்களே அந்த வில்லோக்கள் என்பது அப்பகுதியின் வழிவழிச் செய்தி.

2011 பிப்ரவரி 22ஆம் நாள் 6.3 அளவில் நேர்ந்த நிலநடுக்கம் 185 உயிர்களைக் கொண்டது. ஆற்றோர மணல் சேறாய்க் குழைந்தது, கரைகள் வெடித்து ஆற்றை நோக்கிச் சரிந்தன, நிலம் தாழ்ந்தது. ஆற்றையொட்டி 5,000க்கும் மேற்பட்ட வீடுகளை அரசு விலைக்கு வாங்கி இடித்தது. சுவர்கள் மறைந்த வெளியில் தோட்டத்து மரங்களே எஞ்சின. இன்ன இடத்தில் முற்றம் இருந்தது, இங்கே வேலி ஓடியது என்று அவையே சொல்லி நின்றன.

தாழ்ந்த நிலத்தில் வெள்ளம் புகாதிருக்கக் கரையை உயர்த்த வேண்டியிருந்தது. மண்கரையில் நிற்கும் பெருமரம் சாய்ந்தால் கரையையும் பெயர்த்துவிடும். பட்டுப்போனால் அழுகிய வேர்வழியே நீர் கசியும். ஆதலின், நடுக்கம் விட்டுவைத்த முதுமரங்கள் சில வாளுக்கு இரையாயின. 2019இல் ஏற்கப்பட்ட திட்டமோ 602 ஹெக்டேர் ஆற்றோர நிலத்தில் அம்மண்ணுக்குரிய மரஞ்செடிகளை மீட்க விழைகிறது. அதுவும் நியாயமே.

எனினும், அயல்மரம் என்பதால் அது தாங்கிய சான்று பொய்யாகிவிடாது. வெட்டுதல் தவிர்க்க இயலாததாயின், எவ்வீட்டு மரம் அது என்று முன்னரே எழுதிவைத்தல் ஊரின் கடன். எழுதுவோர் கடனும் அதுவே.