ஊராத்துறையில் ஒரு பகல்

சென்ற டிசம்பர் விடுமுறையில் யாழ்ப்பாணம் போயிருந்தபோது, ஒரு காலை தனியாக ஊர்காவற்றுறைக்கு பஸ் ஏறினேன். பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை. பட்டினம் என்று சொல்ல அங்கே இன்று அதிகம் இல்லை. ஓர் இறங்குதுறை, சில கடைகள், மாதா கோயில் மணி, கூரை போன பழைய வீடுகள். எதிரே கடலுக்குள் ஒரு சின்னக் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. பன்றித் தொடையின் குதிகால் என்று பொருள்படும் 'ஹம்மன்ஹீல்' என்ற பெயரை அதற்கு வைத்தார்கள். அதைப் பார்க்கத்தானா ஒரு சோனகன் இவ்வளவு தூரம் வந்தான் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

நான் வந்தது வேறொன்றுக்காக. பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த காலத்தில், நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள கல்வெட்டு ஒன்றின் பாடத்தை வாசித்தேன். 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. சிங்கள அரசன் தமிழிலே வெட்டுவித்தது. 1963இல் பேராசிரியர் கா. இந்திரபாலா அதைப் பதிப்பித்து விளக்கினார். அதில் வரும் ஊராத்துறைதான் இந்த ஊர்காவற்றுறை.

ஆணை இவ்வளவுதான்: பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. பரதேசி என்றால் இன்று பிச்சைக்காரன். அன்று அது மரியாதையான சொல், பிறதேசத்தான் என்பதே பொருள்.

பாதியைப் பிடுங்குவது என்ன பெருந்தன்மை என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்கும். ஆனால் அக்காலத்துக் கடற்கரைகளில் கப்பல் உடைந்தால் முழுச்சரக்கும் அரசனுக்கு என்பதே பெருவழக்கு. ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் 1244இல் காகத்தீய கணபதிதேவன் வெட்டுவித்த சாசனம், முன்னைய அரசர்கள் புயலில் ஒதுங்கிய கப்பல்களைச் சூறையாடியதைச் சொல்லிவிட்டு, தான் தீர்வை மட்டும் எடுப்பதாக அபயம் கொடுக்கிறது. மலையாளக் கரை முழுவதிலும் உடைந்த கப்பலின் பொருள் அரசனுக்கே, கோழிக்கோட்டில் மட்டும் உடையவனுக்கு, அதனால்தான் அந்த ஊர் செழித்தது என்று 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா எழுதினார்.

பராக்கிரமபாகுவின் கணக்கு கருணை மட்டுமல்ல. சோழ நாட்டின் மேல் படையெடுக்க அவன் ஊராத்துறையில் படை திரட்டிக் கப்பல் கட்டியதாக இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு கூறுகிறது. போருக்குக் குதிரை வேண்டும். குதிரை கடல் கடந்து வர வேண்டும். அதனால்தான் குதிரைக் கப்பலுக்கு அந்தத் தனிச் சலுகை என்று நினைக்கிறேன்.

அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் குதிரை கொண்டுவந்தவர்களில் நம்மவர் பெரும்பங்கு என்பது தெரிந்ததே. ஆனாலும் அந்தக் கல்லில் சோனகர் என்ற சொல் இல்லை. இது நமது சாசனம் என்று எழுத ஆசைதான். எழுத மாட்டேன். வந்தவன் எவனானாலும் அவன் பொருளில் அவனுக்குப் பங்குண்டு என்று ஓர் அரசன் கல்லில் ஒப்புக்கொண்டான், அது போதும்.

1990 ஒக்டோபர் 30 அன்று எனக்கு எட்டு வயது. சோனகதெருவில் வாப்பாவுக்குச் சின்னத் தையல்கடை. வெளியேற இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். மெஷினின் தலையையாவது கழற்றி எடுக்க முடியுமா என்று வாப்பா கேட்டார். துவக்கு வைத்திருந்த பையன் தலையாட்டி மறுத்தான். புத்தளத்து முகாமில் கனகாலம் வாப்பா அந்த மெஷினைப் பற்றித்தான் பேசினார். கல்வெட்டை முதன்முறை வாசித்தபோது 'சரிபாதி' என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

இறங்குதுறையில் காரைநகர்ப் பாதைக்குக் காத்திருந்த ஒரு முதியவர் பேச்சுக் கொடுத்தார்.

"எங்கயிருந்து தம்பி வாறியள்?"

"புத்தளத்தில இருந்து ஐயா."

"பிறந்ததும் அங்கயோ?"

"இல்ல ஐயா. சோனகதெரு."

அவர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வீடு வளவு இருக்கோ?"

"காணி இருக்கு. சுவர் இல்லை."

"நாங்களும் தொண்ணூறிலதான் வெளிக்கிட்டனாங்கள்," என்று பின்னால் தெரிந்த கூரையில்லாத வீடொன்றைக் காட்டினார். "அது என்ர தமையன்ர. கனடாவில இருக்கிறார். வரமாட்டார்."

பாதை வந்து கரை தட்டியது. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறினார். ஏறி நின்று, "பிள்ளையளையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ தம்பி" என்றார். லுஹருக்கு நேரமாகியிருந்தது. யாழ்ப்பாண பஸ்ஸைத் தேடி நடந்தேன்.