நடுவர் லில்லிவைட்டின் ஆறு குரல்கள்

வானொலியில் கிரிக்கெட் வருணனை கேட்கையில், நடுவர் ‘நோபால்’ என்றவுடன் அவரை ஏசுவது நம்மிற் பலருக்கு வழக்கம். ஆனால் நடுவர் சட்டத்தை இயற்றுபவர் அல்லர். இருக்கும் சட்டத்தைக் காப்பவர். இதனை விளக்கும் பழைய நிகழ்ச்சி ஒன்றுண்டு.

ஆதியில் பந்தைக் கை தாழ்த்தியே வீச வேண்டும். 1835-இல் தோள் உயரம்வரை கையைத் தூக்க அனுமதி கிடைத்தது. வீச்சாளர்களோ அவ்வரம்பையும் மீறலாயினர்; நடுவர் பலர் கண்டும் காணாதிருந்தனர். ஏட்டில் ஒரு சட்டம், களத்தில் வேறொரு வழக்கம் என்றாயிற்று.

1862 ஆகஸ்டில், லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து அணி சர்ரே அணியுடன் ஆடியது. இங்கிலாந்தின் எட்கர் வில்ஷர் தோளுக்கு மேல் கையைத் தூக்கி வீசுகிறார் என்று, நடுவர் ஜான் லில்லிவைட் தொடர்ந்து ஆறு முறை ‘நோபால்’ கூறினார். இருவரும் நண்பர்கள். எனினும் கடமை முன்னின்றது. வில்ஷர் வெகுண்டு வெளியேறினார். அணியின் தொழில்முறை ஆட்டக்காரர்களும் உடன் சென்றனர். அன்றைய ஆட்டம் நின்றது. மறுநாள் லில்லிவைட்டுக்குப் பதிலாக வேறொருவர் நடுவராக நின்றார்.

தோற்றவர் லில்லிவைட்டே என்று தோன்றலாம். ஆயினும் அதன்பின் சட்டத்தின் முரண்பாட்டை மூடி மறைக்க இயலவில்லை. 1864 ஜூனில் எம்.சி.சி. சட்டத்தைத் திருத்தி, கையை எவ்வளவு உயர்த்தியும் வீசலாம் என்றது. எறிதல் மட்டும் குற்றமாகவே நீடித்தது. இன்று நாம் காணும் பந்துவீச்சு அத்திருத்தத்தின் பயனேயாம்.

பொருந்தாத சட்டத்தைக் கண்டுங்காணாமல் விட்டால் அது அப்படியே கிடக்கும்; நேர்மையாக நிறைவேற்றினாலோ அதன் குறை அனைவர்க்கும் புலனாகும்.