மரத் திருகாணியின் தலைப்பள்ளம்

மரத் திருகாணி வாங்குபவர்கள் நீளம் கேட்பார்கள், தடிமன் கேட்பார்கள். தலையில் வெட்டியிருக்கும் பள்ளத்தை அதிகம் கவனிப்பதில்லை. கையின் விசையும் டிரில்லின் விசையும் அதன் வழியாகத்தான் இறங்குகின்றன. பள்ளம் மழுங்கினால், பாதியில் நின்ற திருகாணியை உள்ளே தள்ளவும் வழியில்லை, வெளியே எடுக்கவும் வழியில்லை.

மிகப் பழையது ஒற்றைக்கோட்டுத் தலை. திருப்புளி பக்கவாட்டில் நழுவும் என்பதால் டிரில்லுக்கு ஆகாது. பழைய கதவு, பித்தளைக் கீல் ஆகியவற்றில் கையால் முடுக்க இன்றும் இதுவே பொருத்தம். பித்தளை மென்மையானது, தேக்கில் துளை போட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை ஏற்றிக் கழற்றிய பிறகு பித்தளையை முடுக்கினால் தலை முறியாது.

இந்த நழுவலுக்குக் கனடாவின் பீட்டர் ராபர்ட்சன் கண்ட தீர்வு சதுரப் பள்ளம். 1909இல் காப்புரிமை பெற்றார். உள்நோக்கிச் சற்றே குறுகும் அந்தச் சதுரம் திருப்புளியைக் கவ்விக்கொள்ளும். திருகாணி தானாகவே முனையில் நிற்பதால் ஒரு கையாலேயே வேலை நடக்கும். கனடாவில் ஃபோர்டு மாடல் டி காருக்கும் இது பயன்பட்டது. தயாரிப்பு உரிமையை ஃபோர்டுக்குக் கொடுக்க ராபர்ட்சன் இசையவில்லை. இவ்வளவு நல்ல வடிவம் நெடுங்காலம் கனடாவைத் தாண்டிப் பெரிதாகப் பரவாமல் போனது பெரும் இழப்பு.

உலகைப் பிடித்தது அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸின் கூட்டல் குறி. 1936இல் ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. பிட் தானே நடுவில் வந்து உட்காருவது இதன் பலம். சுவர்கள் சரிவானவை என்பதால், இறுக்கம் கூடும்போது பிட்டை மேலே தள்ளிவிடுவது பலவீனம்.

அதைக் குறைக்க 1960களில் வந்தது போசிட்ரைவ். பார்வைக்கு அதே கூட்டல் குறிதான். ஆனால் கைகளுக்கு இடையே 45 பாகையில் நான்கு மெல்லிய கீறல்கள் இருக்கும். ஐரோப்பிய அலமாரிக் கீல்களோடு வரும் திருகாணிகள் பெரும்பாலும் இவ்வகையே. இவற்றில் பிலிப்ஸ் பிட்டைப் போட்டால் நுழையும், திருகவும் செய்யும், கடைசிச் சுற்றில் தலையை அரித்துவிடும். இந்தக் கீறல்களைப் பார்க்கப் பழகினாலே பாதி நாசத்தைத் தவிர்க்கலாம்.

நீளத் திருகாணிக்கும் கடின மரத்துக்கும் 1967இல் அறிமுகமான டார்க்ஸ் சிறந்தது. ஆறுமுனைப் பள்ளத்தின் சுவர்கள் ஏறத்தாழ செங்குத்தானவை; பிட் எளிதில் வெளியேறாது. 4 மி.மீ. திருகாணிக்குப் பொதுவாக டி20, 5 மி.மீ.க்கு டி25. தமிழ்நாட்டுக் கடைகளில் ‘ஸ்டார்’ என்று கேட்டால் பிலிப்ஸைத் தந்துவிடுவது உண்டு. ஆறுமுனை என்று சொல்லிக் கேட்பது நல்லது.

எந்த வகையானாலும் பிட் ஆடாமல் பள்ளத்தின் அடிவரை உட்கார வேண்டும். பழைய திருகாணியைக் கழற்றுமுன் பள்ளத்தில் உறைந்த பெயின்டைச் சுரண்டி, பிட்டை வைத்து மேலே ஒரு தட்டுத் தட்டிய பிறகே திருப்பத் தொடங்கலாம்.