பிளஷர் காரில் டீசல் எஞ்சின்

கல்லிடைக்குறிச்சி என்றதும் அப்பளமும் கைத்தறியும், முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைப் பேணிவந்த பாகவதர்களும் இலக்கிய வாசகரின் நினைவுக்கு வரலாம். மோட்டார் வண்டி வருவதில்லை. ஆனால் இவ்வூரிலிருந்து தாமிரவருணியைக் கடந்து அம்பாசமுத்திரம் வழியே வடக்கே சென்றால் ஆழ்வார்குறிச்சி. தெற்கே களக்காட்டைத் தாண்டினால் திருக்குறுங்குடி. முன்னது 1905இல் பிறந்த எஸ். அனந்தராமகிருஷ்ணனின் ஊர், பின்னது 1877இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்காரின் ஊர். தென்னிந்திய மோட்டார் தொழிலின் இரண்டு பெரிய குழுமங்கள் ஒரே மலையடிவாரத்து மனிதர்களால் உருவானவை என்பதை நம் ஊர் வரலாறுகள் ஏனோ போதிய அளவு பேசியதில்லை.

பழைய பெரிய கார் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு எந்த எஞ்சினைப் பொருத்துவது என்று யோசிப்பது இன்று வசதியுள்ளோரின் பொழுதுபோக்கு. நம் பகுதியில் அக்கேள்வி முதலில் எழுந்தது பொழுதுபோக்காக அல்ல, பெட்ரோல் கிடைக்காததால். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும், டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலன்களைச் செய்து விற்றது. வண்டியோடு சேர்த்துப் பொருத்திய உருளையில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரிப்பார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவை வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்புவார்கள். எஞ்சின் பழையதுதான், தீனி மட்டும் புதிது. பெட்ரோலில் கிடைத்த திறனில் ஒரு பங்கு குறைந்துபோனாலும் வண்டி நின்றுவிடவில்லை.

போர் முடிந்தபின் வேறொரு நெருக்கடி. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் உள்நாட்டு உற்பத்திக் கொள்கையும் இறுகியதில், இந்தியாவில் வண்டிகளைக் கோத்து விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1950களின் நடுவில் கடையைக் கட்டின. நம் முன்னோர் ‘பிளஷர்’ என்று அழைத்த செவர்லே, பிளைமவுத், டாட்ஜ் கார்கள் இங்கேயே தங்கிவிட்டன. இரும்பு உடல்கள் திடமாக இருந்தன. எஞ்சின்களுக்குப் பிஸ்டனும் வால்வும் கிடைப்பது வரவர அரிதாயிற்று.

இங்கேதான் ஆழ்வார்குறிச்சிக்காரர் வருகிறார். தணிக்கையாளராகத் தொழில் தொடங்கி, 1840இல் குதிரை வண்டி கட்டும் பட்டறையாகப் பிறந்த சென்னை சிம்சன் நிறுவனத்தின் தலைமைக்கு உயர்ந்தவர் அனந்தராமகிருஷ்ணன். இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் ஃபிராங்க் பெர்க்கின்ஸ் 1932இல் தொடங்கிய நிறுவனம், வேகமாகச் சுழலக்கூடிய சிறிய டீசல் எஞ்சின்களுக்குப் பெயர்பெற்றிருந்தது. அதன் பி6 எஞ்சினை 1950களின் தொடக்கத்தில் சிம்சன் செம்பியத்தில் தயாரிக்கத் தொடங்கியது. இந்திய மண்ணில் உருவான முதல் வாகன டீசல் எஞ்சின்களில் ஒன்று அது. பிஸ்டனுக்காகக் கப்பலை எதிர்பார்க்க வேண்டாம்; 1949இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸும் அதே குழுமத்தைச் சேர்ந்ததே. எஞ்சினைத் தேர்ந்தெடுப்பவன் குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன் உதிரிபாகக் கடையைப் பார்க்க வேண்டும் என்பதை அந்தத் தணிக்கையாளர் நன்கு அறிந்திருந்தார் போலும்.

இரண்டு எஞ்சின்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். 1947ஆம் ஆண்டுச் செவர்லேயின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் 3.5 லிட்டர், நிமிடத்திற்கு 3,300 சுற்றில் 90 குதிரைத்திறன். பெர்க்கின்ஸ் பி6 அதே ஆறு சிலிண்டரில் 4.7 லிட்டர், ஏறத்தாழ 2,400 சுற்றில் 83 குதிரைத்திறன். தாளில் பெரிய வேறுபாடில்லை. சாலையில் உண்டு. பின் அச்சின் பல்விகிதம் நான்குக்கு ஒன்று என்றும், சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் உருளும் என்றும் கொண்டால், பெட்ரோல் வண்டி தன் உச்சச் சுற்றில் மணிக்கு 109 கிலோமீட்டர் போகும்; அதே அச்சில் டீசல் 79 கிலோமீட்டரோடு நின்றுவிடும். ஆனால் கீழ்ச்சுற்றில் டீசலுக்குள்ள இழுவை பெட்ரோலுக்கு இல்லை. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா நிறுவனம் குத்தகைக்கு எடுத்த அந்தத் தேயிலைக் காட்டுக்கு ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். அங்கே உச்ச வேகத்தை யார் கேட்டார்கள்?

பி6 லாரிக்கும் பஸ்ஸுக்கும் உரியது. கார்களுக்கு அதனினும் சிறிய நான்கு சிலிண்டர் டீசல்களே ஏற்றவை. எஞ்சினை இறக்கி ஏற்றுவதோடு வேலை முடிந்துவிடாது. எஞ்சின் பவுண்டேஷனை வெட்டி ஒட்ட வேண்டும். பெல் ஹவுசிங்குக்கும் பழைய கியர் பாக்ஸுக்கும் இடையே தகடு கடைந்து போட வேண்டும். காற்றைப் பதினாறில் ஒரு பங்காக அழுத்தும் எஞ்சினைச் சுழற்றப் பழைய ஆறு வோல்ட் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் போதா. முன்பக்கம் கனத்து, ஸ்பிரிங் தாழ்ந்து, ஸ்டீயரிங் கல்லாகும். இவ்வளவையும் வரைபடம் இன்றி, கண்ணளவாலும் கடைசல் இயந்திரத்தாலும் செய்து முடித்தார்கள் நம் பட்டறைக்காரர்கள். 1973இல் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கானபின், இந்த மாற்றம் இந்தியா முழுவதும் பரவியதில் வியப்பில்லை.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான கதை. 1964இல் போன்டியாக் பொறியாளர்கள், நடுத்தரக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்ற தம் நிறுவன விதியைச் சாமர்த்தியமாகத் தாண்டி, டெம்பெஸ்டில் 389 கன அங்குல வி8 எஞ்சினை வைத்து ஜி.டி.ஓ. என்று பெயரிட்டனர். ‘மசில் கார்’ என்ற இனம் அங்கிருந்து பெருகியது. நம் நாட்டில் அப்பட்டத்தை இளைஞர்கள் இன்று சூட்டுவது இந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸாவுக்கு. 1984இல் வந்தபோது அதன் அகன்ற உடலுக்குள் இருந்தது அம்பாசடரின் 1,489 சி.சி. எஞ்சின், ஏறத்தாழ 50 குதிரைத்திறன். பீமன் உடலுக்குச் சகாதேவன் மூச்சு! பின்னர் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்துதான் அது ஓடத் தொடங்கியது.

2021இல் மத்திய அரசு, 50 ஆண்டு கடந்த வாகனங்களை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவுசெய்ய விதி வகுத்தது. வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும், சேசிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. நோக்கம் நல்லதே. எனினும் இவ்விதியின்படி, பெட்ரோலோடு கண்ணாடிக் கொட்டகையில் தூங்கிய கார் பாரம்பரியம். செம்பியத்து டீசலைச் சுமந்து முப்பது ஆண்டு கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிய கார் பாரம்பரியமன்று. ஆகவே புதுப்பிக்கிறவர்கள் முதலில் செய்வது, பெர்க்கின்ஸைக் கழற்றிப் பழைய இரும்பு விலைக்குப் போடுவதுதான். பிறகு அமெரிக்காவிலிருந்து அசல் எஞ்சினுக்கு ஆள் அனுப்புகிறார்கள்.

அசலைத் தேடுவதை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் கழற்றிய எஞ்சினை எடைக்குப் போடுமுன், அதன் வார்ப்பில் உள்ள எண்ணையாவது குறித்துக்கொள்ளலாம். பட்டறைக்காரர் கடைந்த அந்த இடைத்தகட்டையாவது எடுத்து வைக்கலாம். ஆழ்வார்குறிச்சியில் 1963இல் அனந்தராமகிருஷ்ணன் நிறுவிய ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி இருக்கிறது. அங்கே ஓர் அறையின் மூலையில் ஒரு பி6 எஞ்சினை வைப்பதற்கு அதிக இடம் பிடிக்காது.